ஆக்சிஜனைப் பிடுங்கினால் படிகம் என்னவாகும்? லேப்டாப்பில் செய்து பார்த்தது

ஹைட்ரஜனையும் காற்றையும் கொண்டு மின்சாரம் தரும் திட ஆக்சைடு மின்கலத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தாலே ஒரு கேள்வி வந்து நிற்கும். அதன் நடுவில் இருக்கும் பீங்கான் தகடு வேலை செய்வதே, படிகத்தில் ஆங்காங்கே ஆக்சிஜன் இல்லாமல் காலியிடம் கிடப்பதால்தான். காலியிடத்துக்குப் பக்கத்து ஆக்சிஜன் அயனி தாவும். அது விட்டுவந்த இடத்துக்கு இன்னொன்று வரும். ஓர் அளவுவரை காலியிடம் கூடினால் அயனி ஓட்டம் கூடும், சரி. தகட்டின் உறுதி என்னவாகும்? கட்டுரைகளில் வரைபடம் வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் நானே ஒரு படிகத்தைக் கட்டி, ஆக்சிஜனைப் பிடுங்கி, இழுத்துப் பார்க்க ஆசை.

நிஜத் தகடு செய்ய 1400, 1500 டிகிரி செல்சியஸ் உலை வேண்டும். அது நடக்காது. அதனால் சிமுலேஷன். அணுக்களை நகர்த்த லாம்ப்ஸ் என்ற மென்பொருள், கண்ணால் பார்க்க ஓவிட்டோ. லாம்ப்ஸ் முழுக்க இலவசம், ஓவிட்டோவின் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குப் போதும். அயனிகளுக்கு இடையிலான விசைக்குப் பக்கிங்ஹாம் 1938-இல் தந்த சூத்திரம், கூடவே மின்னூட்ட ஈர்ப்பு. இந்தச் சூத்திரத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. அணுக்கள் ஓர் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டால் விலக்கும் பகுதியை இழுக்கும் பகுதி வென்றுவிடும். இரண்டும் ஒன்றோடொன்று விழுந்து ஆற்றல் கணக்கில்லாமல் கீழே ஓடும். அதிக வெப்பநிலையில் ஓட்டுபவர்கள் மிகக் குறைந்த தூரத்துக்கென்று தனியாக ஒரு விலக்கு விசையைச் சேர்த்துவிடுவது நல்லது.

முதல் பொருளாகச் சீரியாவை (சீரியம் ஆக்சைடு) எடுத்தேன். சிர்க்கோனியாதான் (சிர்க்கோனியம் ஆக்சைடு) பிரபலம், ஆனால் அதில் ஒரு சங்கடம்: கலப்பில்லாத சிர்க்கோனியா கனசதுர வடிவில் இருப்பது சுமார் 2370 டிகிரிக்கு மேல்தான். குறைபாடே இல்லாத படிகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அது தோதுப்படாது. சீரியா சாதாரண வெப்பநிலையிலேயே கனசதுரம். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அலகுக் கூட்டில் 4 சீரியம், 8 ஆக்சிஜன், பக்கம் 5.41 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் 0.1 நானோமீட்டர்). மூன்று திசையிலும் நான்கு நான்காக அடுக்கினால் 256 சீரியம், 512 ஆக்சிஜன், மொத்தம் 768 அணுக்கள் கொண்ட ஒரு பெட்டி. லேப்டாப்புக்கு இது சின்ன வேலை.

அதிலிருந்து ஒரே ஓர் ஆக்சிஜனை எடுத்தேன். மின்னூட்டம் சரியாக வர, இரண்டு சீரியம் அயனிகளை நான்கிலிருந்து மூன்று மின்னூட்டத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு ஆற்றலைக் குறைக்கச் சொல்லிவிட்டு ஓவிட்டோவில் பார்த்தால், இந்த முழு முயற்சியிலும் எனக்குப் பிடித்த காட்சி அதுதான். காலியிடத்தைச் சுற்றி நான்முகி வடிவில் நான்கு சீரியம் இருக்கும். நான்கும் வெளியே விலகுகின்றன. அதே நேரம் பக்கத்தில் இருக்கும் ஆறு ஆக்சிஜன்களும் காலியிடத்தை நோக்கி உள்ளே சாய்கின்றன. எதிர்மின்னூட்டம் போன இடம் சுற்றியிருப்பவற்றுக்கு நேர்மின்னூட்டம் போலத் தெரிவதால் வரும் விளைவு இது. ஒற்றை அணு போனதற்கு இரண்டு மூன்று அடுக்கு தள்ளியும் அசைவு தெரிகிறது.

அப்படியானால் காலியிடம் படிகத்தை விரிக்கிறதா, சுருக்குகிறதா? சீரியாவிலிருந்து ஆக்சிஜன் போனால் பெட்டி மொத்தமாக விரிகிறது. பழியைக் காலியிடத்தின் மேல் போடத் தோன்றும். ஆனால் மூன்று மின்னூட்டச் சீரியம் பெரியது: ஆரம் 1.143 ஆங்ஸ்ட்ராம், நான்கு மின்னூட்டச் சீரியத்துக்கு 0.97. இரண்டையும் பிரித்துப் பார்க்க, மூன்று மின்னூட்டமுள்ள வேறு அயனிகளைப் போட்டேன். லாந்தனம் (1.16) போட்டால் பெட்டி விரிகிறது. லுட்டீஷியம் (0.977) போட்டால் சுருங்குகிறது, இத்தனைக்கும் அது தான் உட்காரும் இடத்துச் சீரியத்தைவிடத் துளி பெரியது! ஆக, சுருக்குவது காலியிடம், விரிப்பது பெரிய அயனி. சோதனைக்கூட அளவீடுகளும் இதையே சொல்கின்றன. சீரியாவில் சுமார் 1.038 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள மூன்று மின்னூட்ட அயனியைப் போட்டால்தான் அளவு கூடாமல் குறையாமல் இருக்கும்.

மின்கலத்துக்கு இது சின்ன விஷயமில்லை. தகட்டின் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. சூட்டில் ஹைட்ரஜன் பக்கத்துச் சீரியா ஆக்சிஜனை இழந்து விரியும், காற்றுப் பக்கம் அப்படியே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: யங் குணகம் (பொருள் எவ்வளவு விறைப்பானது என்ற அளவு) ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல், விரிய முடியாமல் தடுக்கப்பட்ட அளவு வெறும் 0.1 சதவீதம் என்றால் தகைவு, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்று வரும் விசை, 200 மெகாபாஸ்கல். சுட்டெடுத்த சீரியாத் தகடுகள் பல இதற்கு முன்பே விரிசல் விட்டுவிடும்.

அடுத்து விறைப்பு, அதாவது இழுத்தால் எவ்வளவு நீளாமல் எதிர்த்து நிற்கிறது என்பது. பெட்டியை ஒரு திசையில் மிகச் சிறிதாக நீட்டி, அணுக்களை அடங்கவிட்டு, தகைவைப் படிப்பது. லாம்ப்ஸோடு வரும் எடுத்துக்காட்டுக் கோப்புகளிலேயே இதற்கான நிரல் உண்டு. குறைபாடில்லாத சீரியாவில் மூன்று அச்சுகளிலும் ஒரே எண் வரும். காலியிடங்களைத் தாறுமாறாகத் தூவியதும் மூன்றும் மூன்று விதமாகக் காட்டும். பெட்டி சின்னது என்பதால் காலியிடங்கள் எந்தப் பக்கம் கூடிவிட்டன என்பது எண்ணில் தெரிந்துவிடுகிறது. பல தூவல்களின் சராசரியை எடுத்தால்தான் எதையும் நம்பலாம். எடுத்தபோது போக்கு தெளிவாகவே இருந்தது: காலியிடம் கூடக் கூட விறைப்பு குறைகிறது.

சிர்க்கோனியாவுக்கு வந்தேன். மின்கலங்களில் வழக்கமான, 8 மோல் சதவீதம் இட்ரியா (மூன்று மின்னூட்ட இட்ரியத்தின் ஆக்சைடு) சேர்த்த கலவையை அதே அளவுப் பெட்டிக்குள் கொண்டுவந்தால் 38 இட்ரியம், 218 சிர்க்கோனியம், 493 ஆக்சிஜன், 19 காலியிடம். ஆக்சிஜன் இடங்களில் ஏறத்தாழ 3.7 சதவீதம் காலி. இங்கே எண்ணிக்கையை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றிப் பார்த்தேன். காலியிடத்தை இட்ரியத்தை ஒட்டி வைத்தால் ஓர் ஆற்றல், சிர்க்கோனியத்தை ஒட்டி வைத்தால் அதைவிடக் குறைந்த ஆற்றல். சிர்க்கோனியம் சிறியது; எட்டுக்குப் பதில் ஏழு ஆக்சிஜன் போதும் என்றிருக்கும். விறைப்பும் காலியிடங்களை எப்படி அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறுகிறது. "இத்தனை சதவீதக் குறைபாடு, இத்தனை விறைப்பு" என்று ஒற்றை வரியில் எழுதும்போது இந்தத் தகவல் விழுந்துபோகிறது.

என் கணக்கு காட்டாத ஒன்றும் இருக்கிறது. நிஜச் சிர்க்கோனியாத் தகட்டைச் சூடாக்கினால் சில நூறு டிகிரிக்குள்ளேயே விறைப்பு கணிசமாகச் சரியும், வெறும் வெப்ப விரிவால் வரக்கூடியதைவிட அதிகமாக. காலியிடமும் இட்ரியமும் சேர்ந்த ஜோடிகள், இழுக்கும் திசைக்கு ஏற்பத் தங்களைத் திருப்பிக்கொள்வதுதான் காரணம். அதற்கு ஆக்சிஜன் தாவ வேண்டும். ஆற்றலை மட்டும் குறைக்கும் கணக்கில் எதுவும் தாவாது.

கடைசியாக, முறியும்வரை இழுத்தேன். குறைபாடில்லாத பெட்டி பத்துப் பதினைந்து கிகாபாஸ்கலுக்கு மேலும் தாங்குகிறது. நிஜமான 8 சதவீத இட்ரியா சிர்க்கோனியா 200, 300 மெகாபாஸ்கலில் உடையும். 19 காலியிடம் இருக்கும் பெட்டியும் இந்த இடைவெளியில் பெரிதாக எதையும் குறைக்கவில்லை. விடை கிரிஃபித் 1921-இல் சொன்னதில் இருக்கிறது: உடைவதைத் தீர்மானிப்பது இருப்பதிலேயே பெரிய பிளவு. இந்தப் பொருளின் விரிசல் தாங்குதிறனை, மெகாபாஸ்கல் பெருக்கல் மீட்டரின் வர்க்கமூலம் என்ற அலகில், 1.7 என்று வையுங்கள். உள்ளே 20 மைக்ரோமீட்டர் நீளப் பிளவு ஒன்று கிடந்தால் ஏறக்குறைய 300 மெகாபாஸ்கல் வருகிறது. என் பெட்டியின் பக்கமே 2 நானோமீட்டர். அந்தப் பிளவுக்கு முன் அது தூசு.

ஆகவே விறைப்பைக் கேட்டால் காலியிடம் பதில் சொல்லும், உடையும் தகைவைக் கேட்டால் சுடும்போது தங்கிவிட்ட துளைதான் பதில் சொல்லும். இதற்கு நடுவே 3 சதவீத இட்ரியா சிர்க்கோனியா ஒரு தனி ஜாதி. இட்ரியா குறைவு என்பதால் நாற்கோண வடிவில் நிற்கும். விரிசல் முனையில் வேறு வடிவத்துக்கு மாறி, சுமார் 4 சதவீதம் பருத்து, விரிசலை நெரித்துவிடும். இந்த உத்தியைச் சிர்க்கோனியாவில் 1975-இல் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ வெளியிட்டார்கள். வலுவில் அது பல மடங்கு மேல். அயனி ஓட்டத்தில் கீழே. என்னிடம் இருக்கும் எளிய விசைச் சூத்திரம் அந்த வடிவ மாற்றத்தைச் சரியாகப் பிடிக்காது, அதனால் அதைத் தொடவில்லை.

இப்போது இரண்டு படிகத் துகள்கள் சந்திக்கும் எல்லையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்றைக் கொஞ்சம் திருப்பி மற்றதோடு ஒட்ட வேண்டும். அணுக்கள் பல ஆயிரம் ஆகிவிட்டன, லேப்டாப் இரவு முழுக்க ஓடுகிறது. காலியிடங்கள் எல்லையின் நடுவில் கூடும் என்பது தெரிந்த செய்தி. அப்படிக் கூடிய எல்லையைக் குறுக்கே இழுத்தால், காலியிடங்கள் சீராகப் பரவிய எல்லையைவிட முன்னதாகப் பிரிகிறதா என்பதைத்தான் அடுத்து அளக்கப் போகிறேன்.