ஊரில் எண்ணெய், வேலை எங்கே?

திருவாரூர்ப் பக்கம் பையன்களுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. சேர்க்கைக்கு வரும் அப்பாக்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நம் வயலுக்குப் பக்கத்திலேயே எண்ணெய் எடுக்கிறார்களே சார், பையனுக்கு அங்கே ஒரு வேலை கிடைக்காதா?" நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால் என்று சுற்றிலும் கிணறுகள் இருக்கும்போது கேட்கத்தானே செய்வார்கள்?

கிணறு தோண்டும் ரிக் சில மாதங்கள் நிற்கும். ஆட்கள் அதனோடு வந்து அதனோடு போய்விடுவார்கள். அப்புறம் கம்பி வேலிக்குள் வால்வுகளும் வாசலில் ஒரு காவலாளியும்தான். அந்தக் காவலாளி வேலைக்கும் சிபாரிசு வேண்டும்.

குழாய் பதிக்கும் வேலை வருகிறதே என்றால், அங்கே கேட்பது 'சிக்ஸ் ஜி' என்ற வெல்டிங் சோதனை. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் மாட்டிவிடுவார்கள். அதைத் திருப்பக்கூடாது, வெல்டர்தான் சுற்றிச் சுற்றி வளைய வேண்டும். அடிப்பக்கத்துக்கு வரும்போது தலைக்கு மேலே உருகுகிறது உலோகம். பொறி சட்டைக் காலருக்குள் விழும். கை ஒரு நொடி நின்றால் உள்பக்கம் தொங்கிவிடும், ஓடினால் ஒட்டாது. பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். எங்கள் பையன்கள் ஆண்டு முழுவதும் பழகியதோ பெரும்பாலும் தட்டையான தகடு. சான்றிதழோடு போனவன் அந்தச் சோதனையில் தோற்றுத் திரும்புகிறான். ஒப்பந்தக்காரர் வெளிமாநிலத்து வெல்டரை அழைத்து வருகிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

குழாயில் பழக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை, செலவு. ஒரு பையனுக்குக் கை தேறுவதற்குள் எத்தனையோ துண்டுகள் வீணாகும். கட்டடத்துக்குப் பணம் வரும், திறப்பு விழாவுக்கு வரும். வெல்டிங் ராடு வாங்கத்தான் வராது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி என்று வருபவர்கள் மேடை போட்டுத் தையல் இயந்திரம் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

குழாயில் தேறியவன் எண்ணெயையே நம்பி இருக்க வேண்டியதில்லை. திருச்சியில் பாய்லர் வேலை இருக்கிறது, வளைகுடா இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் பனங்குடியில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் புதிய ஆலைக்கு 2021-இல் அடிக்கல் நாட்டினார்கள். இப்படியொரு ஆலையைக் கட்டும் சில ஆண்டுகளுக்குத்தான் வெல்டர், ஃபிட்டர், கனமான பொருள்களைத் தூக்கி நிறுத்தும் ரிக்கர் என்று ஆட்கள் கூட்டமாக வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் கொஞ்சம் பேர் போதும். எனவே ஆள் கேட்கும் நாளில் பையன் தயாராக நிற்க வேண்டும். குழாய் வந்து இறங்கிய பிறகு வகுப்பு தொடங்கிப் பயனில்லை.

குழாய் வேலை நடக்கும் இடங்களில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகள் பழைய இரும்புக்கடைக்குப் போகின்றன. அவற்றை எங்கள் பட்டறைக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். ஓர் அடி நீளம் இருந்தால் போதும். ஆறு அங்குலக் குழாயானால் இன்னும் நல்லது. தையல் இயந்திரம் வேண்டாம் என்பதையும் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.