மண் காயட்டும்

2025 நவம்பர் 3, திங்கள்

மழை, மணலில் விட முடியாது. பிராணிகள் மாதிரித் தாவுகிற, நடக்கிற ஆட்டங்களை உள்ளேயே நடத்தணும். 10க்கு 12 அடி அறை, 14 சின்னப் பிள்ளைகள். ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் தாவ விடக் கூடாது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி சாக்பீஸ் கோடு போட்டாச்சு. கோட்டைத் தாண்டினால் தலை இடிக்கும்.

நவம்பர் 4, செவ்வாய்

தவளை. தொட்டியடியில் ஒன்று உட்கார்ந்திருந்ததால் படம் தேவைப்படவில்லை. ஒரே கேள்விதான் கேட்டது: "எந்தக் கால் பெருசு?" பின்னங்கால் மடிந்து மடிந்து உடம்போடு ஒட்டியிருப்பதை ஒருத்தன் விரலால் காற்றில் வரைந்து காட்டினான். அதன் பிறகுதான் ஆட்டம்.

குத்த வைத்து உட்காரணும், முட்டிகள் விரிந்து, உள்ளங்கை இரண்டும் பாதங்களுக்கு நடுவில். தரையைக் காலால் உதைத்துத் தாவி, முன்பாதத்தில் இறங்கி, பிறகு குதிகால், முட்டி மடிந்தபடி. பெரும்பாலும் இறங்கும்போதுதான் கெடும். விறைத்த காலோடு இறங்குவார்கள், அதிர்ச்சி முட்டிக்குப் போகும். பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம், காதே போதும். 'தொப்' என்று கேட்டால் முட்டி மடியவில்லை. "சத்தம் வராத தவளை யாரு?" என்றால் தானாக மடிக்கிறார்கள்.

சிமெண்ட் தரையில் ஆளுக்கு ஐந்து தாவல், அதோடு நிறுத்தணும். கோரைப்பாய், ஜமுக்காளம் எதுவும் வேண்டாம், இரண்டும் சறுக்கும். இதற்கெல்லாம் மணல்தான் சரி.

நவம்பர் 5, புதன்

மண் காயவில்லை.

நவம்பர் 6, வியாழன்

நண்டு. வயிற்றை மேலே தூக்கி, கையைப் பின்னால் ஊன்றி முன்னும் பின்னும் போவதைத்தான் எல்லா இடத்திலும் நண்டு நடை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். தோளுக்கு நல்ல பயிற்சி, மறுக்கவில்லை. ஆனால் நண்டு பக்கவாட்டில் போகிறது. அதன் கால் மூட்டுகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் மடியும். ஒரு பக்கத்துக் கால்கள் இழுக்க, மறுபக்கத்துக் கால்கள் தள்ளும். பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டியது இதுதான்.

இரண்டு பேர் முதுகோடு முதுகு. நாலு கால், நாலு கை, ஆக எட்டு. கொடுக்கை விட்டுவிட்டால் நண்டுக்கு நடக்கிற கால் எட்டு, கணக்கு சரி. "வலது பக்கம்" என்றால் ஆளுக்கொரு திசையில் இழுப்பார்கள், ஒருத்தியின் வலது மற்றவளுக்கு இடது. "கதவுப் பக்கம்", "ஜன்னல் பக்கம்" என்று சொல்லணும். உயரம் ஒத்தவர்களாகச் சேர்க்கணும்.

நவம்பர் 7, வெள்ளி

ஊதாச் சட்டைக்காரி தாவ மாட்டேன் என்கிறாள். மூணு வயது முடிந்துவிட்டது. ஓடுகிறாள், படி ஏறுகிறாள், குந்துகிறாள். இரண்டு காலும் சேர்ந்து தரையை விடவே மாட்டேன் என்கிறது. இது இரண்டுக்கும் மூணுக்கும் நடுவில் வருவது, சிலருக்குத் தள்ளிப் போகும். தெரிந்தும் மனசு அங்கேயே நிற்கிறது. அவசரப்படுத்தினால் பயம்தான் வரும்.

வரிசை இது: முதலில் நின்ற இடத்தில் முட்டியை மடித்து நிமிர்வது. அடுத்தது குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது. பிறகு 10 செ.மீ. உயரப் படியிலிருந்து, இரண்டு கையும் பிடித்துக்கொண்டு கீழே குதிப்பது. பிறகு ஒரு கை. கடைசியில்தான் தரையிலிருந்து மேலே.

கையைப் பிடிப்பதிலும் கவனம் வேண்டும். நம் விரலை அவள் பிடிக்கட்டும். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஐந்து வயதுக்குள் அப்படிச் சுண்டி இழுத்தால் முழங்கை எலும்பு நழுவிவிடலாம். வீட்டில் 'ஒண்ணு, ரெண்டு, ஊஞ்சல்' என்று கையைப் பிடித்து ஆட்டுகிறவர்களுக்கும் இதைச் சொல்லணும். திங்கட்கிழமை கூட்டி வரும்போது ஒவ்வொருத்தரிடமும் சொல்லணும்.

நவம்பர் 10, திங்கள்

யானை என்றதும் கையைத் தும்பிக்கையாக்கிப் பிளிறிக்கொண்டு ஓடினார்கள். பிளிறல் முகத்தோடு நின்றுவிடுகிறது, கால் எதையும் கற்பதில்லை. யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் நாலு காலும் ஒருசேரத் தரையை விட்டு எழும்பாது. அதையே விதியாக வைத்தாச்சு: பாதம் தூக்கிக் குதித்தால் யானை இல்லை.

இடது மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புக் கம்பளி நூல், வலதில் பச்சை. முட்டி தரையில் படாமல் நாலு காலில் நிற்கணும். சிவப்புப் பின்கால், சிவப்பு முன்கை, பச்சைப் பின்கால், பச்சை முன்கை. நாலு வயதுக்குக் கீழே இந்த வரிசை பிடிபடாது, அவர்கள் சும்மா மெதுவாக நடந்தால் போதும். நூல் இறுக்கம் இல்லாமல், ஒரு விரல் நுழைகிற அளவு.

நவம்பர் 11, செவ்வாய்

வாசலில் மண்புழு. நீண்டால் மெலிகிறது, சுருங்கினால் தடிக்கிறது. ஐந்து பேர் தோளைப் பிடித்து வரிசை. முன்னால் இருப்பவர் அடி எடுத்து வைக்க, பின்னால் இருப்பவர் ஊன்றி நிற்கணும். அப்புறம் முன்னவர் ஊன்ற, பின்னவர் நெருங்கி வரணும். கடைசி ஆள் தள்ளினால் வரிசை சரியும். பொறுமையான பிள்ளையைக் கடைசியில் நிறுத்தணும்.

நவம்பர் 12, புதன்

வெயில்! மணல் மேலே காய்ந்திருக்கு. விரலை விட்டால் அடியில் ஈரம்.

நவம்பர் 13, வியாழன்

"சிட்டுக்குருவி" என்றால் இரண்டு காலும் சேர்த்துத் தத்தணும், "மைனா" என்றால் அடி மாற்றி நடக்கணும், "கொக்கு" என்றால் ஒற்றைக் கால். மூணு வயதுக்கு ஒற்றைக்கால் இரண்டு மூணு விநாடிதான், அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஊதாச் சட்டைக்காரிக்குக் குருவியில் குதிகால் எழும்புகிறது. நுனிக்கால் இன்னும் தரையை விடவில்லை. படி தொடரணும்.

நாளை குழந்தைகள் தினம், முகமூடி வாங்கித் தருகிறார்களாம். ஓடும் ஆட்டத்துக்கு வேண்டாம், காலடி தெரியாது. இடுப்பில் துணி வால் கட்டலாம், முட்டிக்கு மேலே நிற்கிற நீளம்.

மணலை அரை அடி கிளறிப் பார்க்கணும், கண்ணாடித் துண்டு, முள். சல்லடை யாரிடம்