பிப்ரவரி மாத லேப்பிங்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் வருடம். அதுவரை பருத்தி மட்டுமே ஓட்டிய மில், ஒரு ஆர்டருக்காக முழு பாலியஸ்டருக்கு மாறியிருந்தது. ஜனவரி வரை சிக்கல் இல்லை. பிப்ரவரி இரண்டாம் வாரம், இழைகளை உருளைகளுக்கு நடுவே இழுத்து நேராக்கும் டிராஃப்ரேமில் லேப்பிங் ஆரம்பித்தது.

முன்னால் போக வேண்டிய இழை உருளையைச் சுற்றிக்கொள்வதுதான் லேப்பிங். கண் மூடித் திறப்பதற்குள் உருளையின் ரப்பர் உறையான காட்ஸின் மேல் வெள்ளை வளையம் ஏறி மெஷின் நின்றுவிடும். பித்தளைக் கொக்கியால் பொறுமையாகக் கீறி எடுக்க வேண்டும். அவசரத்தில் பிளேடை வைத்தால் ரப்பரில் கோடு விழும். அடுத்த லேப்பிங் அந்தக் கோட்டிலேயே பிடிக்கும். மதியம் 12 முதல் 4 வரைதான் தொல்லை அதிகம், இரவில் ஒன்றிரண்டு. அந்த நேரக்கணக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் மெஷினையே நோண்டிக்கொண்டிருந்தேன். காட்ஸின் மேல்பரப்பைத் தேய்த்து பஃபிங் போட்டேன், பிரஷரைக் கூட்டிக் குறைத்தேன். ‘ஸ்டேட்டிக்கா இருக்கும்’, அதாவது உரசலில் மின்னேற்றம் ஏறி இழை உருளையில் ஒட்டுகிறது என்று யாரோ சொன்னதும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் ஒயரை மாற்றச் சொன்னேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. எர்த், இரும்பில் ஏறிய மின்னேற்றத்தைத்தான் இறக்கும். உரசலில் வந்தது உட்கார்ந்திருந்ததோ பாலியஸ்டர் இழையின் மேல். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஏறியது ஏறிய இடத்திலேயே இருக்கும். ஒயர் எவ்வளவு தடிமனாக இருந்து என்ன?

பருத்தியும் அதே ரப்பரில், அதே இரும்பில்தான் உரசுகிறது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். சோதனைக்கூட நிலையில் உலர்ந்த எடைக்கு சுமார் 8.5 சதவீதம். பாலியஸ்டருக்கு 0.4 தான். அந்த ஈரத்தின் வழியாகத்தான் மின்னேற்றம் நழுவிப் போகிறது. பாலியஸ்டருக்கு அந்த உதவியைச் சுற்றியுள்ள காற்றின் ஈரம்தான் செய்ய வேண்டும்.

இதெல்லாம் பாடத்தில் படித்ததுதான். நினைவுபடுத்தியது மெஷின் ஓட்டிய அக்கா. “இங்க கையைக் கொண்டாங்க தம்பி” என்றார். கேனில் விழுந்துகொண்டிருந்த ஸ்லைவருக்கு, அதாவது முறுக்காத இழைத் திரிக்கு, ஒரு சாண் மேலே கையை நீட்டியதும் முன்கை முடி முழுக்க எழுந்து நின்றது. ஸ்லைவரும் வழக்கமான கயிறு போல இல்லை, பூனை வால் சிலிர்த்த மாதிரி உப்பியிருந்தது. ஒரே மின்னேற்றம் ஏறிய இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. அப்புறம் அவர் சொன்னார்: “ஒரு வாரமா யாருக்கும் வேர்க்கவே இல்லைங்க. பிளான்ட்ல தண்ணி வருதான்னு பார்த்தீங்களா?”

சுவரில் இருந்த மீட்டரைப் பார்த்தேன். டிரை பல்ப் (சாதாரண தெர்மாமீட்டர்) 33 டிகிரி, வெட் பல்ப் (ஈரத்துணி சுற்றியது) 22.5. அட்டவணைப்படி ஈரப்பதம் 40 சதவீதம். எங்களுக்கு 55க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் ரிஜிஸ்டரில் பத்து நாளாக, ஒரே கையெழுத்தில், மணிக்கு மணி 58! தண்ணீர் தெளித்துக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டுக்குள் போய்ப் பார்த்தால், போர் தண்ணீர் உப்பு படிந்து பாதி நாசில்கள் அடைத்துக் கிடந்தன. ரிஜிஸ்டர் எழுதியவரை நான் திட்டவில்லை. ஒரு வாரம் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவன் நானும்தான்.

நாசில்களைக் கழற்றி ஆசிட்டில் ஊறவைத்து மாட்ட இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் மதியம் மெஷின் நிற்காமல் ஓடியது. அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “பஞ்சுக்குச் சொகமாயிருச்சு, நமக்குத்தான் புழுங்குதுங்க தம்பி” என்றார்.