எண்பதாம் நம்பர் சாலையும் ஒரு ஜோடித் தோள்களும்

கலிபோர்னியாவுக்கு வந்த முதல் ஏழு மாதம், வார நாட்களில் நான் மனிதர்களைக் கழுத்துக்கு மேலேதான் பார்த்தேன். டேவிஸில் வீடு, எமெரிவில்லில் வேலை, நடுவில் ஏறக்குறைய 65 மைல். எண்பதாம் நம்பர் நெடுஞ்சாலையில் பக்கத்துத் தடத்தில் ஒரு தலை, முன்னால் ஒரு பின்மண்டை, கண்ணாடியில் கொட்டாவி விடும் ஒரு முகம். அவ்வளவுதான் சக பயணிகள்.

சாலை காலியாக இருந்தால் ஒன்றேகால் மணி நேரம். மாலையில் அது காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. பெர்க்லி பக்கம் இடது ஓரத்தில், மூன்று பேர் ஏறிய கார்களுக்கென்றே ஒரு தடம் விட்டிருக்கிறார்கள். நான் தனியாள். அதில் பறக்கும் கார்களைப் பார்த்துக்கொண்டே பிரேக்கில் கால் வைத்திருந்ததில் வலது முழங்கால் வலிக்கத் தொடங்கியது.

ரயிலுக்கு மாறியதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை. யாரோ பின்னால் வந்து இடித்துவிட்டார்கள், கார் மூன்று வாரம் பட்டறையில் கிடந்தது. வேறு வழியில்லாமல் ஏறினேன்.

அமெரிக்காவில் ரயிலா என்று இங்கே வெகுநாள் இருப்பவர்களே கேட்பார்கள். நட்டத்தில் ஓடிய பயணிகள் ரயில்களைத் தனியார் கம்பெனிகள் கைகழுவ, 1971 மே 1 முதல் ஆம்ட்ராக் என்ற அமைப்பு எடுத்து நடத்துகிறது. தண்டவாளம் மட்டும் பெரும்பாலும் சரக்கு ரயில் கம்பெனிகளுடையது. எங்கள் தடத்தில் மணிக்கு 79 மைல்தான் உச்சம். ஆனால் ரிச்மண்ட் தாண்டியதும் சாலை மேட்டில் ஏறிப் போய்விட, ரயில் சான் பாப்லோ விரிகுடாவின் ஓரமாகவே போகிறது. ஏழு மாதம் அந்தத் தண்ணீர் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது!

மூன்றாம் நாள் பெர்க்லியில் அந்தப் பெண் ஏறினார். ஐம்பது வயது இருக்கும். கையில்லாத பனியன், தோளில் பை. பேட்டரி வைத்த சைக்கிளை, நான் உருட்டவே திணறுவேன், ஒரு கை சட்டத்திலும் ஒரு கை இருக்கைக்கு அடியிலும் கொடுத்து அலுங்காமல் தூக்கித் தாங்கியில் வைத்தார். தூக்கும்போது தோளிலிருந்து முழங்கை வரை தசை தனித்தனியாகப் பிரிந்து, வைத்ததும் மறுபடி ஒன்றாக அடங்கியது. நான் கண்ணை எடுக்கவில்லை. ரசனையா பொறாமையா என்று கேட்டால் இரண்டும்தான். ஆண்கள் முறைத்தால் எரிச்சல்படுகிற நானே இப்படிப் பார்த்தது அப்புறம் உறைத்தது.

அவரும் கவனித்துவிட்டார். சிரித்தார். எதிரிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்.

மார்ட்டினெஸ் தாண்டி ஒரு தூக்குப்பாலம் இருக்கிறது. 1930இல் திறந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். கப்பலுக்குத்தான் முதல் உரிமை, ரயில் காத்திருக்க வேண்டும். அன்றைக்கும் கப்பல் வந்தது. ரயில் நின்றது, பேச்சு ஆரம்பித்தது.

அவர் கல்லூரியில் துடுப்புப் படகுக் குழுவில் இருந்தவராம். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல்களின் அடியில் வரிசையாக நான்கு காய்ப்பு, வெளிர் மஞ்சளாக, காய்ந்த பிசின் மாதிரி. "இது படகால் வந்ததில்லை, எடை தூக்குவதால் வந்தது" என்றார். அவருடைய அம்மா படித்த கல்லூரியில் பெண்களுக்குப் படகுக் குழுவே கிடையாதாம். அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்று 1972இல் சட்டம் வந்தது. அதன்பின் பெண்களுக்கென்று அணிகளும் விளையாட்டு உதவித்தொகையும் பெருகின. ஒரு சட்டம் இப்படி ஒருவருடைய தோளில் வந்து நிற்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

நான் என் பங்குக்குக் கர்ணம் மல்லேஸ்வரியைப் பற்றிச் சொன்னேன். ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளுதூக்குதல் முதன்முதலாக வந்தது 2000 சிட்னியில்தான். அங்கே இரண்டு வகைத் தூக்கலில் 110, 130 என்று மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். அவர் இடுப்பை இறக்கி உட்கார்ந்து எழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தது நினைவிருக்கிறது. வீட்டில் எல்லாரும் கைதட்டினோம். நீயும் தூக்கிப் பார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

"நீங்கள் தூக்குவீர்களா?" என்று கேட்டார். பையைக்கூடச் சக்கரம் வைத்ததாகப் பார்த்து வாங்குபவள் என்றேன்.

கார் பட்டறையிலிருந்து வந்தபோது நான் ஜிம்மில் சேர்ந்திருந்தேன். பழுது பார்த்த காசையும் ஜிம் காசையும் சேர்த்துக் கூட்ட வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். வெறும் கம்பியே 45 பவுண்டு. முதல் வாரம் எடைத்தட்டு ஏதும் மாட்டாமல் அந்தக் கம்பியோடு மட்டும் மல்லுக்கட்டினேன். எடை தூக்கினால் பெண்கள் மறுநாளே பயில்வான் ஆகிவிடுவார்கள் என்று பயப்படுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அவ்வளவு சுலபமாக வந்துவிட்டால் நான் சந்தோஷப்படுவேன். அது வருடக்கணக்கான வேலை.

காரை விற்கவில்லை. கடைக்கு, மருத்துவரிடம், ராத்திரி அவசரத்துக்கு அது வேண்டும்; இந்த நாட்டைக் கட்டியிருக்கிற விதம் அப்படி. ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரமும் ஆகலாம். ஆனாலும் வாரத்தில் நான்கு நாள் ரயில்தான். முழங்கால் வலி போய்விட்டது, அது ரயிலாலா எடையாலா தெரியவில்லை. மாடிப்பெட்டியில் உட்கார்ந்து, ஏறுகிறவர்களை முழுசாகப் பார்க்கிறேன். நேராக முறைக்காமல், ஜன்னல் கண்ணாடியில்.

போன வாரம் அம்மாவிடம் வீடியோவில் பேசும்போது ரவிக்கைக் கை இறுக்குகிறது என்று சொல்லிக் காட்டினேன்.

"என்னடி இது, ஆம்பளக் கை மாதிரி" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் முகத்தை போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "இன்னொரு தடவை மடக்கிக் காட்டு" என்றார்.

காட்டினேன்.

"உள்ள ஒரு இஞ்ச் துணி விட்டுத்தான் தைக்கச் சொன்னேன். பிரிச்சு விட்டுக்கோ."