மணப்பாடு முதல் உவரி வரை: நாமே பொங்கிச் சாப்பிடும் கடலோரப் பயணம்

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரச் சாலை 90 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். விரட்டினால் இரண்டு மணி நேரம். அப்படிப் போனால் இந்தக் கரையில் ஒன்றுமே கையில் நிற்காது. மணப்பாட்டுப் பக்கம் இரண்டு ராத்திரி, உவரிப் பக்கம் இரண்டு ராத்திரி என்று சமையலறையுள்ள குடில் எடுத்துத் தங்குவதுதான் சரி. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது மணப்பாடு அங்கே போனது, உவரி திருநெல்வேலியோடு நின்றது. குழம்பும் கருப்பட்டியும் இன்னும் ஒன்றுதான்.

தை, மாசி நல்ல காலம். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று தேரி (இந்தப் பக்கத்துச் செம்மணல் மேடு) மண்ணை வாரி முகத்தில் அடிக்கும், திண்ணையில் அடுப்பு நிற்காது. குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா நாட்களிலும், ஐப்பசியில் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தின்போதும் குடிலும் கிடைக்காது, சாலையும் நகராது.

குடில் பேசும்போது ‘கிச்சன் இருக்கு’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். எத்தனை அடுப்பு, மாற்று சிலிண்டர் உண்டா, மிக்ஸி ஓடுமா என்று கேளுங்கள். அருவாமனையும் மண்சட்டியும் கையோடு கொண்டுபோவது நல்லது. முக்கியமாகத் தண்ணீர். கடலோரக் கிணறு, போர் எல்லாம் பெரும்பாலும் உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் சதையை இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் நறுக்கு நறுக்கென்றுதான் இருக்கும். ஐந்து பேருக்குக் குடிக்க, பொங்க நாளுக்கு ஒன்றரை கேன், அதாவது 30 லிட்டர் கணக்கு வையுங்கள்.

மீனை விடியற்காலையில் கரையிலேயே வாங்க வேண்டும். வள்ளம் வந்ததும் ஏலம் நடக்கும். மொத்தமாகத்தான் போகும் என்பதால், ஏலம் எடுத்த அக்காமாரிடம் ஒரு கிலோ, இரண்டு கிலோ கேட்டு வாங்குவதே எளிது. இங்குள்ள பரதவர் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். சனிக்கிழமையே வாங்கி, மீன் எவ்வளவோ அவ்வளவு உடைத்த ஐஸ் போட்டு, உருகும் தண்ணீரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் ஊறிய மீன் குழம்பில் கரைந்துபோகும்.

ஒரு கிலோ விளமீனுக்கு எலுமிச்சை அளவு புளி, அரை மூடித் தேங்காய், பதினைந்து சின்ன வெங்காயம், ஒரு ஸ்பூன் சீரகம், மூன்று ஸ்பூன் மல்லித்தூள், இரண்டு ஸ்பூன் மிளகாய்த்தூள். தேங்காய், சீரகம், பாதி வெங்காயத்தை மையாக அரைத்து, தூளோடு புளித்தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விடுங்கள். பச்சை வாசனை போன பிறகே மீன். போட்டபின் கரண்டி கூடாது; சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்று அசைத்தால் போதும். ஏழெட்டு நிமிடத்தில் இறக்கி, மீதி வெங்காயம், வெந்தயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மூடுங்கள். அடுத்த நாள் காலை பழைய சோற்றுக்கு அந்தச் சட்டி தரும் ருசியை எந்த ஓட்டலும் தராது.

பதநீர் வேண்டுமானால் பங்குனி, சித்திரைக்குப் பயணத்தைத் தள்ளிப்போடலாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் விலை ஏறும். கலயத்தின் உட்புறம் வெள்ளையாகச் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், புளித்துக் கள்ளாகாமல் இருக்க. வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும். உடன்குடியில் கருப்பட்டி வாங்கும்போது ஒரு துண்டு உடைத்து நாக்கில் வையுங்கள். இனிப்போடு லேசான கரிப்பு தட்டினால் நல்லது. வெறும் இனிப்பு மட்டும் என்றால் சீனி கலப்பு.

தேரிக்குள் காரை இறக்காதீர்கள். செம்மண் கெட்டியாகத் தெரியும், உள்ளே மாவு மாதிரி. சிக்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி பறிக்கும். உடனே நிறுத்தி, டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வழித்து, காய்ந்த பனையோலையை மட்டையோடு திணித்து, முதல் கியரில் மெல்ல எடுங்கள். தார்ச்சாலை ஏறியதும் காற்றடிக்கும் சிறு பம்பு இருந்தாக வேண்டும்.

மணப்பாட்டில் மணல்மேட்டின்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில். கீழே, சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. கடலுக்குள் நீளும் அந்த மேட்டின் ஒரு பக்கம் அலை அடிக்கும்போது மறுபக்கம் குளம் போலக் கிடக்கும். மாலையில் அங்கே சும்மா உட்கார்ந்திருப்பதற்கே இரண்டு ராத்திரி வேண்டும். ஆனால் குளிக்குமுன் கரையில் வலை பார்ப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘கள்ளக்கடல்’ என்று ஒன்று உண்டு. தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென ஏறிவரும். எச்சரிக்கை அறிவிப்பு வந்த நாளில் கணுக்கால் நனையக்கூட இறங்க வேண்டாம்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தைத் தாண்டும்போது ட்ரோனை எடுக்காதீர்கள். ஊர் திரும்பிய அன்றே காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது சைலன்சர் கிளாம்பைத்தான்.