கதையா, அலசலா, வாதமா: சோதனைக் காலத்து நாட்குறிப்பு

ஜூலை 27, ஞாயிறு

பகல் ஒன்றரைக்குத் தங்கச்சியின் மகள், என் பெறாமகள், சிட்னியிலிருந்து அழைத்தாள். அங்கே அப்போது மாலை ஆறு. ஒக்டோபரில் அவளுக்கு எச்.எஸ்.சி. சோதனை, அங்கே பாடசாலைப் படிப்பை முடிக்கும் சோதனை. நியூ சவுத் வேல்சில் அந்தச் சோதனைக்குக் கட்டாயப் பாடம் ஆங்கிலம் ஒன்றுதான், மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். அவள் எடுப்பது அட்வான்ஸ்ட் ஆங்கிலம். இரண்டாம் தாளின் மூன்றாம் பகுதி, அவர்கள் மொடியூல் சி என்று சொல்வது, முழுக்க எழுத்துத்திறனுக்கு. அறுபது புள்ளியில் இருபது அதற்குப் போகிறது. கிடைக்கிற நேரம் சுமார் நாற்பது நிமிடம். தூண்டலாக ஒரு வரியோ படமோ ஏதாவது கொடுப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு கற்பனையாகவோ, அலசலாகவோ, வாதமாகவோ எழுத வேண்டும். தெரிவை மாணவரிடமே விடுவதும் உண்டு, வினாவே வகையைச் சொல்லிவிடுவதும் உண்டு. ஏன் இப்படி எழுதினாய் என்று விளக்கச் சொல்லும் பகுதியும் சேர்ந்து வரலாம்.

"மூன்றில எதை எடுத்தா கூடப் புள்ளி வரும், பெரியம்மா?"

அங்கே ரியூசனில் ஒரு கதையைப் பாடமாக்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் தூண்டல் வந்தாலும் முதல் பந்தியையும் கடைசிப் பந்தியையும் மாற்றி அதையே எழுதிவிடலாமாம். வாசித்துக் காட்டினாள். யாழ்ப்பாணம், பங்கர், இருட்டு, அழுதுகொண்டே இருக்கும் ஓர் அம்மம்மா. ஆங்கிலம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அம்மம்மா எங்கள் வீட்டு ஆள் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குத் தப்பி வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்தபோது என் அம்மா அழவில்லை. நாவற்குழிப் பாலத்தடியில் முன்னால் நின்றவரின் சைக்கிள் கரியர் தன் முழங்காலில் இடித்தபடியே இருந்ததைத்தான் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. பிள்ளைக்கு அது தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

எதை எடுப்பது என்ற கேள்விக்கு இன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இந்த வருசம் உனக்கு விளங்காமல் போன ஒரு விசயத்தை யோசித்து வை என்று மட்டும் சொன்னேன். நாளை மறுநாள் நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேற்றம். வீதியெல்லாம் மணல் போட்டாயிற்று.

ஓகஸ்ட் 2, சனி

என் விறாந்தை வகுப்பில் ஓ.எல். சோதனை எழுதப்போகும் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள். ஆங்கிலத் தாளின் கடைசி வினாவைச் செய்வித்தேன். தந்த தலைப்புகளில் ஒன்றைப் பிடித்து இருநூறு சொல் அளவில் எழுத வேண்டும். கட்டுரை, பேச்சு, கதையை முடித்தல் என்று வகைகள் கிடக்கும்.

தாளைக் கொடுத்துவிட்டு அவர்களின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலானவர்கள் தலைப்பை வாசிக்கவே இல்லை. 'பேச்சு' என்ற சொல்லைக் கண்டதும் பேனை இறங்கிவிட்டது. வணக்கம் சொல்லும் பகுதி மனப்பாடம் என்பதுதான் காரணம். ஒரு பெடியன் அதிபர், ஆசிரியர்கள், நண்பர்கள் எல்லோரையும் விளித்து முடிக்கும்போது நாற்பது சொல்லுக்கு மேல் போய்விட்டது. இருநூறில் நாற்பது! மிச்சத்தில் சூழலைப் பாதுகாப்போம், மரம் நடுவோம்.

ஒருத்தி மட்டும் எழுதாமல் இருந்து, பிறகு கதையை முடிக்கும் வினாவை எடுத்தாள். பூட்டிய வகுப்பறைக்குள் யாரோ நடக்கும் சத்தம் என்று தந்திருந்த தொடக்கத்துக்கு அவள் எழுதிய முடிவில், உள்ளே ஓர் ஆட்டுக்குட்டி கரும்பலகைத் துடைப்பானைச் சப்பிக்கொண்டு நிற்கிறது. இலக்கணப் பிழைகள் நிறைய. ஆனால் அந்த ஆடு என் கண்ணில் நிற்கிறது. பிழைகளை வகுப்பில் ஒவ்வொன்றாகத் திருத்தலாம். ஆட்டை என்னால் கொடுக்க முடியாது.

சிட்னி வென்ட்வேத்வில்லில் இருக்கும் பிள்ளையும் கொக்குவிலில் இருக்கும் பிள்ளைகளும் இந்த இடத்தில் ஒன்றுதான். சொல்ல என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னம் எந்த அச்சு பாதுகாப்பு என்று பார்க்கிறார்கள்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

யோசித்து வைத்திருந்தாள். நல்ல விசயம்.

தைப்பொங்கலுக்கு வந்துபோன தங்கச்சி இங்கிருந்து புழுக்கொடியல் கொண்டுபோனாள். அவுஸ்திரேலியாவுக்குள் இறங்கும்போது உணவு, செடி, மரப்பொருள் எது இருந்தாலும் பயண அட்டையில் அறிவிக்க வேண்டும். அறிவித்தும் இருக்கிறாள். மேசையில் பையைத் திறந்த அதிகாரி பெண் புழுக்கொடியலை எடுத்து, இது மரமா, வேரா, சாப்பாடா என்று கேட்டிருக்கிறா. பனங்கொட்டையை மண்ணுக்குள் முளைக்கவிட்டு, கிழங்கைக் கிண்டி எடுத்து, அவித்து, கிழித்து, வெயிலில் காயவிட்டது என்று தங்கச்சிக்கு ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. மகளைப் பார்த்தாளாம். மகளுக்கோ அது என்னவென்றே தெரியாது. சின்ன வயதிலிருந்து சாப்பிடுகிறாள், என்னவென்று தெரியாது.

"அம்மா என்னைப் பார்த்த பார்வை இப்பவும் விளங்கேல்லை" என்றாள்.

பங்கர் கதையை மூடிவை, இதை எடு என்றேன். எந்த வகையில் எழுதுவது என்று உடனே கேட்டாள். மூன்றிலும் எழுதிப் பார்க்கட்டும்.

ஓகஸ்ட் 6, புதன்

கற்பனை எழுத்து வாட்ஸப்பில் வந்தது. முதல் வடிவம் விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவர், வெளியே மழை, தாயின் கண்ணில் ஈரம் என்று தொடங்கியது. மழையையும் ஈரத்தையும் எடுக்கச் சொன்னேன். இரவு இரண்டாவது வடிவம் வந்தது. அதிகாரியின் நீலக் கையுறை ஒரு துண்டை எடுக்கிறது, நுனியை முறிக்கிறது, மூக்கருகே கொண்டுபோகிறது, தூள் மேசையில் விழுகிறது, தாய் அந்தத் தூளை விரலால் ஒற்றி எடுக்கப் போய்க் கையை இழுத்துக்கொள்கிறாள். அந்த இடத்தை வாசித்தபோது எனக்கு மூச்சு நின்றது. தாய் என்ன நினைத்தாள் என்று ஒரு வரியும் இல்லை.

கற்பனை எழுத்துக்கு நாற்பது நிமிடத்தில் இவ்வளவுதான் இடம். ஒரு மேசை, இரண்டு மூன்று பேர், சில நிமிடங்கள். தலைமுறைக் கதையெல்லாம் இதற்குள் கொள்ளாது. கொள்ள வைக்கப் பார்ப்பவர்கள்தான் 'காலங்கள் உருண்டோடின' என்று எழுதுகிறார்கள்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

அலசல் எழுத்தில் நிறைய நேரம் போனது. போகட்டும், இதைத்தான் அங்கே எல்லோரும் இலேசு என்று நினைக்கிறார்கள். கதை கட்ட வேண்டாம், கட்சி எடுக்க வேண்டாம், ஆகவே பயமில்லை என்ற எண்ணம்.

அவள் எழுதியது இரு பக்க வாதம். கட்டுப்பாடு தேவை, ஒருபுறம். கட்டுப்பாடு மனதை நோகடிக்கும், மறுபுறம். கடைசியில் சமநிலை வேண்டும். பாடத்திட்டம் கேட்பது இது இல்லை. ஒரு கருத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது, வாசிப்பவரை ஒரு முடிவுக்குத் தள்ள நினைக்காமல் பேசுவது, அதுதான் அலசல். பகிடியாக எழுதலாம், கனமாகவும் எழுதலாம். நடை இறுக்கமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

வாயால் ஒன்று செய்து காட்டினேன். நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு இன்றும் ஒரு ரூபாய். அங்கிருந்து தொடங்கு. ஒரு ரூபாய்க்கு இப்போது கடையில் ஒரு டொபியும் வராது. அப்படியென்றால் அந்த ரூபாய் எதற்கான விலை? விலையே இல்லை என்றால் ஏன் வாங்குகிறார்கள், சும்மாவே கொடுக்கலாமே? சும்மா கொடுப்பது என்றதும் கல்வி ஞாபகம் வருகிறது. 1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம், ஆனால் சனிக்கிழமை என் விறாந்தைக்கு வரும் பிள்ளைகள் காசு கொண்டுவருகிறார்கள், நானும் வாங்குகிறேன். காசு கொடுக்கும் பிள்ளை கூடக் கவனமாகக் கேட்கிறதா? இரண்டு பிள்ளையிடம் நான் வாங்குவதில்லை, அவர்கள் முன்வாங்கில்தான் இருக்கிறார்கள். பிறகு திரும்பவும் அந்த வரிசை, கையில் ஒரு ரூபாய்க் குத்தியோடு நிற்கும் கோடீசுவரர், பக்கத்தில் கச்சான் விற்கிற அம்மா.

"முடிவு என்ன?" என்றாள்.

எனக்கே முடிவு தெரியாது, அதனால்தான் இதை அலசலாக எழுதுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப எனக்குப் பதில் தெரிஞ்ச விசயத்தை இதில எழுதக் கூடாது" என்றாள். ஓம், இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன், அவளே சொல்லிவிட்டாள். பதில் கையில் இருந்தால் வாதாடு. கேள்வி மட்டும் இருந்தால் அலசு. கேள்வியைக்கூடச் சொல்லத் தெரியாமல் ஒரு காட்சி மட்டும் கண்ணுக்குள் நின்றால் கதை எழுது.

பாடசாலையில் முன்னோடிச் சோதனை இந்தக் கிழமை.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

வாதாடும் எழுத்து. இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைவந்தது. விவாதப் போட்டியும் பட்டிமன்றமும் கேட்டு வளர்ந்த காது. 1847 டிசம்பரில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பிறகு வெள்ளிக்கிழமை மாலைகளில் அது தொடர்ந்தது. அவர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர். எதிர்த்தரப்பின் நூலை அவர்களை விடக் கவனமாக வாசித்துவிட்டுத்தான் எதிர்த்துப் பேச எழும்பினார். பிள்ளைக்கு இதைச் சொன்னேன். வாதத்தின் பலம் குரலில் இல்லை, எதிரில் இருப்பவரை எவ்வளவு தெரியும் என்பதில் இருக்கிறது.

அதனால் முதலில் யார் யாரோடு பேசுகிறார் என்று முடிவு செய்யச் சொன்னேன். 'சமூகத்துக்கு' என்றாள். சமூகத்துக்குக் காது இல்லை. கொஞ்சம் யோசித்து, ஊரிலிருந்து புதிதாக வரும் அம்மாமாருக்கு ஒரு தமிழ் மண்டபத்தில் பேசுவதாக வைத்துக்கொண்டாள். பையில் இருப்பது எல்லாவற்றையும் அறிவியுங்கள், வெட்கப்படாதீர்கள். அந்த நாட்டின் பண்ணைகளுக்கு வெளியிலிருந்து வரும் ஒரு பூச்சி என்ன செய்யும் என்று ஒரு பந்தி. அதிகாரி உங்களை அவமதிக்கவில்லை, கேட்கிறா, அவ்வளவுதான் என்று ஒரு பந்தி. அதற்கு அடுத்த பந்திதான் அருமை: உங்கள் பிள்ளைகளுக்குப் புழுக்கொடியல் என்னவென்று வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள், மேசையில் அவர்கள்தான் உங்களுக்காகப் பேச வேண்டும். அவளுக்குள் இப்படி ஒரு பதில் இருந்தது ஜனவரியில் அவளுக்கே தெரியாது.

ஓகஸ்ட் 21, வியாழன்

தேர். வகுப்பு இல்லை. காலமை நாலரைக்கே வீதி நிரம்பிவிட்டது.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

முன்னோடிச் சோதனையின் புள்ளி வந்தது, இருபதுக்குப் பதினாறு. அலசல் எழுதியிருக்கிறாள். எழுத்துக்கு நல்ல புள்ளி. விளக்கப் பகுதியில்தான் விட்டிருக்கிறாள். தான் பயன்படுத்திய உத்திகளின் பெயரை வரிசையாக அடுக்கியிருக்கிறாள். உருவகம் பயன்படுத்தினேன், குறுவாக்கியம் பயன்படுத்தினேன். ஆசிரியரும் அதையேதான் எழுதியிருக்கிறார்: பட்டியல், காரணம் இல்லை.

செப்டெம்பர் 7, ஞாயிறு

விளக்கப் பகுதிக்கு அவளுடைய கதையையே எடுத்தோம். தூளை ஒற்றப்போன விரலை ஏன் இழுக்க வைத்தாய்? ஒற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "ஒற்றியிருந்தா அம்மா பாவம் எண்டு எல்லாரும் நினைப்பினம். இழுத்தபடியா அவவுக்கு மானம் இருக்கு எண்டு தெரியுது." இதை அப்படியே ஆங்கிலத்தில் எழுது என்றேன். எடுத்த முடிவு, விட்ட மற்ற வழி, அதனால் வாசிப்பவருக்கு நேர்ந்த வித்தியாசம். உத்தியின் பெயர் அதற்குள் தானாக வந்து விழும். வகுப்பில் படித்த எழுத்தாளரிடம் எதை எடுத்தாள் என்பதையும் இதே மாதிரித்தான் சொல்ல வேண்டும்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

இன்று கொஞ்சம் வாக்குவாதம். கூட்டாளிகள் எல்லோரும் ஆளுக்கு ஒரு கதை பாடமாக்கி வைத்திருக்கிறார்களாம். சோதனை மண்டபத்தில் தலை வெறுமையாகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அந்தப் பயம் நியாயமானது, அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் பாடமாக்கிய கதை அந்தப் பயத்தைப் போக்காது. வினா வாதம் எழுது என்று வந்தால் கதைக்கு வேலையே இல்லை. கதை எழுதலாம் என்று வந்தாலும், தூண்டலை நுனியில் ஒட்டிவிட்ட கதையைத் திருத்துகிறவர் இரண்டாம் பந்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார். நாற்பது வருசம் தாள் திருத்தியவள் சொல்கிறேன், அது தெரியும்.

விசயத்தைத் தயார் செய், எழுத்தைத் தயார் செய்யாதே என்றேன். அவளிடம் இப்போது மூன்று விசயங்கள் இருக்கின்றன: விமான நிலையத்து மேசை, அவள் சனிக்கிழமைகளில் வேலை செய்யும் கடையில் காசாளர்களைக் குறைத்துவிட்டு வைத்த இயந்திரங்கள், அம்மம்மாவின் முழங்காலில் இடித்த சைக்கிள் கரியர். கடைசியை நான் போன கிழமைதான் சொன்னேன். ஒவ்வொன்றையும் மூன்று வகையிலும் யோசித்து வைத்தால் தூண்டல் எந்தப் பக்கத்தால் வந்தாலும் ஒன்று எழும்பி நிற்கும்.

ஒக்டோபர் 4, சனி

அடுத்த கிழமை சோதனை. நாளை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுகிறார்கள், ஆகவே இனி எனக்குப் பகல் பன்னிரண்டரைதான் அவளுக்கு மாலை ஆறு.

தெரிவு பற்றி இன்று அவளே சொன்னாள். வினா வகையைத் தெரிய விட்டால், தூண்டலை வாசித்ததும் முதலில் மனதில் வருவது ஓர் ஆளா, ஒரு கேள்வியா, ஒரு கோபமா என்று பார்ப்பாளாம். தாள் தொடங்குமுன் தருகிற ஐந்து நிமிட வாசிப்பு நேரத்திலேயே அதைப் பார்த்து முடிப்பாளாம். எழுதத் தொடங்கிய பிறகு மாற்றமாட்டாளாம். நல்லது. நான் சேர்த்தது ஒன்றுதான்: மற்ற இரண்டு பகுதிக்கும் நாற்பது நாற்பது நிமிடம் வேண்டும், எழுத்து எவ்வளவு இனித்தாலும் அந்த நேரத்தைத் தின்னாதே.

நாளை அழைக்கும்போது விளக்கப் பகுதியை மட்டும் ஒருக்கால் எழுதிப் பார்க்கப் போகிறோம். தூண்டல் நான் கொடுக்க வேண்டும். இன்று காலமை விறாந்தைப் பிள்ளைகளிடம் கேட்டேன். ஆட்டுக்குட்டிக்காரி ஒரு வரி தந்தாள்: 'அவர் திரும்பி வந்தபோது கதிரை மட்டும் இடம் மாறியிருந்தது.' அதையே அனுப்புகிறேன்.