எக்ஸ் என்றால் எந்த எக்ஸ்?

நமக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்த சார் போய்விட்டார் என்று நம் குழுவில் செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர் முகம் இல்லை, கரும்பலகையில் இருந்த ஓர் எக்ஸ். நம் செட்டுக்கு எந்த எக்ஸ் என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு புரோகிராம். வெளியே எக்ஸின் மதிப்பு 10. ‘காட்டு’ என்ற புரொசீஜர், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் கட்டளைத் தொகுப்பு, எக்ஸை அச்சிடும். பக்கத்திலேயே இன்னொரு புரொசீஜர், தனக்கென்று ஓர் எக்ஸ் வைத்து, அதில் 20 போட்டுவிட்டு ‘காட்டு’வைக் கூப்பிடும். திரையில் என்ன வரும்? ஃபிளாப்பி ரெஜிஸ்டரில் முதல் கையெழுத்து எப்போதும் என்னுடையதுதானே, அந்தத் திமிரில் எழுந்து “20” என்றேன்.

“ஏன்?”

“கூப்பிடுகிறவனிடம் 20 தானே சார் இருக்கிறது.”

“கூப்பிட்டது யாரென்று பார்க்காதே. எழுதின இடம் எதுவென்று பார்.”

நாம் படித்த பாஸ்கல் மொழியில் அப்படித்தான். ‘காட்டு’ எழுதப்பட்ட இடத்தில் தெரிவது வெளியே இருக்கும் எக்ஸ்தான். விடை 10. மணி அடிக்கும்வரை பலகை ஓரத்திலேயே நின்றேன். அன்று சிரித்தவர்களில் இருவர் இந்த மலரின் ஆசிரியர் குழுவில் இருக்கிறார்கள்.

அப்புறம் தன் அறைக்குக் கூப்பிட்டார். “நீ சொன்ன 20 பழைய லிஸ்ப்பில் சரி” என்றார் மெதுவாக. 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய அந்த மொழி, அப்போதெல்லாம் ஒரு பெயரின் மதிப்பை யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற வரிசையில்தான் தேடும். அதனால் வந்த சிக்கல் தனக்கு முதலில் வெறும் பிழையாகவே தெரிந்தது என்று மெக்கார்த்தி எழுதியிருப்பதைப் பிற்பாடு படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். 1975இல் அதே குடும்பத்தில் வந்த ஸ்கீம், ஆல்கால் 60 என்ற பழைய மொழி போன வழிக்கு, அதாவது எழுதின இடத்துக்கே, திரும்பிவிட்டது. அதில் ஒரு ஃபங்ஷனை எங்கே அனுப்பினாலும் பிறந்த இடத்துப் பெயர்களை மூட்டை கட்டிக்கொண்டு போகும். குளோஷர் என்பார்கள்.

“இதை வகுப்பிலேயே சொல்லியிருக்கலாமே சார்?”

“சொன்னால் அத்தனை பேரும் பரீட்சையில் 20 என்று எழுதுவான்கள். திங்கட்கிழமை நீயே வந்து சொல், இரண்டும் எப்படிச் சரியென்று.”

திங்கட்கிழமை நான் விசா வரிசையில் நின்றேன். அடுத்த வாரம் விமானம். சாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நேரமில்லை என்று பல வருடம் சொல்லி வந்தேன், நேரம் இருந்தது.

இங்கே, புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் பெயர் தேடும் பகுதியை எழுதித்தான் சம்பளம் வாங்கினேன். என் பெயரைப் பாதியாக்கிக் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன்.

செய்தி வந்த இரவு என் பெஞ்ச்காரன் போனில் சொன்னான்: நான் வராத அந்த வாரம் முழுக்கப் பலகையின் இடது மூலையைச் சார் யாரையும் அழிக்க விடவில்லையாம். எக்ஸ், 20, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.